ஊட்டியிலிருந்து கரும்பொருள் தேடப் போவது எப்படி: புதிதாக வருபவர்களுக்கு

"சார், டார்க் மேட்டர் ஆராய்ச்சியில சேரணும். எங்க அப்ளை பண்றது?"

ஜூன் மாதம் கல்லூரி திறந்து, பிள்ளைகள் ஸ்வெட்டரும் குடையுமாக வந்து சேரும் முதல் இரண்டு வாரத்துக்குள் யாராவது ஒருவர் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று இதைக் கேட்டுவிடுவார். ஊட்டியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்க வந்த புதிதில் "முதல்ல செமஸ்டரைப் பாருப்பா" என்று அனுப்பிவிடுவேன். சோம்பேறிப் பதில். அப்புறம் இரண்டு மூன்று பேர் விடாமல் துரத்தினார்கள். அவர்களுக்காக நானும் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அவர்களிடம் வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அப்ளை செய்ய ஃபாரம் எதுவும் கிடையாது. டார்க் மேட்டர் என்பதுதான் கரும்பொருள், கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் பொருள். அதைத் தேடும் கூட்டுக்குழுக்களில் தனி ஆளாகச் சேர முடியாது. பல்கலைக்கழகமோ ஆய்வு நிறுவனமோதான் உறுப்பினராகும். அங்கே நீங்கள் மாணவராகவோ ஊழியராகவோ இருக்க வேண்டும். வாசல் தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாசலுக்குப் போகும் வழியில் பாதியை இந்த மலையிலேயே நடந்துவிடலாம்.

முதல் படி: ஒரு விண்மீன் மண்டலத்தை எடை போடுங்கள்

1933ல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கோமா என்ற விண்மீன் மண்டலக் கூட்டத்தை ஆராய்ந்தார். அதிலுள்ள மண்டலங்கள் ஓடுகிற வேகத்துக்கு, கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு போதவே போதாது, கூட்டம் எப்போதோ சிதறியிருக்க வேண்டும் என்று அவர் கணக்கு சொன்னது. 1970ல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆந்த்ரோமீடா மண்டலம் சுழலும் வேகத்தை அளந்து வெளியிட்டார்கள். வெளி ஓரத்துக்குப் போனாலும் வேகம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. இன்றைய கணக்கில் பிரபஞ்சத்தில் நாம் அறிந்த பொருள் 5 சதவீதம், கரும்பொருள் சுமார் 27. அது எதனால் ஆனது என்று இதுவரை யாருக்கும் தெரியாது.

இதைப் படித்து நம்ப வேண்டாம், ஒரு சாயங்காலம் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். சூரியன் பால்வெளியின் மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி, நொடிக்கு ஏறக்குறைய 230 கிமீ வேகத்தில் சுற்றுகிறது. வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தால் பெருக்கி ஈர்ப்பு மாறிலியால் வகுத்தால், அந்த வட்டத்துக்குள் இருக்கும் நிறை வரும்: சுமார் பத்தாயிரம் கோடி சூரியன். எல்லா நிறையும் அந்த வட்டத்துக்குள்ளேயே அடங்கிவிட்டால், இரண்டு மடங்கு தூரத்தில் வேகம் 163 கிமீயாக இறங்க வேண்டும். அளந்து பார்த்தால் அங்கேயும் இருநூறுக்கு மேல்தான். பிளஸ் டூ கணக்குக்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

அடுத்து, ஸ்பார்க் என்ற தொகுப்பை இறக்கிக்கொள்ளுங்கள். 2016ல் வெளியானது, 175 மண்டலங்களின் சுழற்சி வேகம் அதில் இருக்கிறது, காசு கிடையாது. என்ஜிசி 3198 என்ற மண்டலத்தில் ஆரம்பிக்கலாம், சொன்னபடி கேட்கும் மண்டலம் அது. நொடிக்கு 150 கிமீ வாக்கில் கோடு தட்டையாக நீண்டுகொண்டே போகும். ஃபைலில் தூரம், அளந்த வேகம், அதன் பிழை, அப்புறம் வாயு, தட்டு, நடு வீக்கம் ஆகியவை தனித்தனியாகத் தரக்கூடிய வேகங்கள் என்று பத்திகள் இருக்கும். கடைசி மூன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், கண்ணுக்குத் தெரியும் பொருள் மட்டும் இருந்தால் என்ன வேகம் வரும் என்பது கிடைக்கும். கூட்டும் முன் தட்டின் வர்க்கத்தை 0.5ஆலும் வீக்கத்தின் வர்க்கத்தை 0.7ஆலும் பெருக்க வேண்டும். விண்மீன்களின் ஒளியை நிறையாக மாற்றும் எண்கள் அவை. அந்தக் கோட்டுக்கும் அளந்த கோட்டுக்கும் நடுவே விழும் இடைவெளிதான் கரும்பொருள்.

எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வாயுப் பத்தியில் சில மண்டலங்களுக்கு நடுப்பகுதியில் மைனஸ் வேகம் இருக்கும். தப்பான டேட்டா என்று என் மாணவர் ஒருவர் அந்த வரிகளையெல்லாம் அழித்துவிட்டார். தப்பில்லை. நடுவில் வாயு குறைவாகவும் வெளியில் அதிகமாகவும் இருந்தால், நிகர இழுப்பு வெளிப்பக்கமாக இருக்கும். அதைக் காட்டத்தான் அந்தக் குறி. வர்க்கப்படுத்தும்போது குறியைக் காப்பாற்ற வேண்டும். உங்களுக்குப் பிடிக்காத எண்ணை அழிக்கும் முன் அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டுப் பழகுங்கள், பின்னால் மிகவும் உதவும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொகுப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டேசி மெக்கா, கரும்பொருளுக்குப் பதிலாக ஈர்ப்பு விதியையே திருத்தலாமா என்ற கேள்வியைத் தீவிரமாக எடுத்துக்கொள்பவர். அவர் தொகுத்த எண்களைத்தான் கரும்பொருள் இருக்கிறது என்பவர்களும் தினமும் எடுத்தாள்கிறார்கள். இந்தத் துறையில் எனக்குப் பிடித்த சங்கதிகளில் இது ஒன்று.

இரண்டாம் படி: மியூவானை எண்ணுங்கள்

விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் துகள்களுக்குக் காஸ்மிக் கதிர் என்று பெயர். அவை காற்றில் மோதும்போது பிறப்பது மியூவான், எலக்ட்ரானின் கனமான அண்ணன் மாதிரி ஒரு துகள். நம் மலைக்கு உரிய படி இது. ஊட்டியில் 1950களிலிருந்தே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் காஸ்மிக் கதிர் ஆய்வு நடத்திவருகிறது. இன்று அங்கே இருப்பது கிரேப்ஸ்-3, இந்தியர்களும் ஜப்பானியர்களும் சேர்ந்து நடத்தும் கருவித் தொகுதி. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்தில், எட்டு மீட்டருக்கு ஒன்றாக துகள் பட்டால் ஒளிரும் நானூறு சொச்சம் ஒளிர்வுக் கருவிகள் தோட்டத்துச் செடிகள்போல வரிசையாக நிற்கும். பக்கத்தில் 560 சதுர மீட்டர் மியூவான் தொலைநோக்கி. தொலைநோக்கி என்றதும் கண்ணாடியை நினைக்காதீர்கள். ஆறு மீட்டர் நீளக் குழாய்கள் 3,712, அவற்றின் மேல் இரண்டு மீட்டருக்கும் அதிகமான கான்கிரீட். மற்ற துகள்கள் கான்கிரீட்டில் அடங்கிவிடும், மியூவான் மட்டும் துளைத்துக்கொண்டு வரும். 2014 டிசம்பர் 1ஆம் தேதி ஊட்டிக்கு மேலே நின்ற ஒரு இடிமேகத்தால் இந்த எண்ணிக்கை மாறியதை வைத்து, அந்த மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததாகக் கணக்கிட்டு 2019ல் வெளியிட்டார்கள். மேகத்துக்குள் போகாமலே.

அதே வேலையைச் சின்ன அளவில் நீங்களும் செய்யலாம். முதலில் நாங்கள் முகில் அறை, அதாவது துகள் போன தடம் முகில் கோடாகத் தெரியும் பெட்டி, செய்யப் பார்த்தோம். அதற்கு உலர் பனிக்கட்டி வேண்டும், கோவையில்தான் கிடைக்கும். தெர்மகோல் பெட்டியில் கட்டிக்கொண்டு பர்லியாறு தாண்டி குன்னூர் ஏறுவதற்குள் பெட்டி பாதி காலி. இரண்டு முறை பார்த்துவிட்டுக் கைவிட்டோம்.

கைகொடுத்தது கெய்கர் குழாய், கதிர்வீச்சு பட்டால் மின்துடிப்பு தருவது. எஸ்பிஎம்-20 என்ற பழைய சோவியத் குழாய்கள் ஆன்லைனில் கிடைக்கும், விரல் தடிமன், நாலு அங்குல நீளம். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்து, இரண்டும் ஒரே நேரத்தில் துடித்தால் மட்டும் எண்ணும்படி ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையில் நிரல் எழுதுங்கள். ஒரே குழாய் என்றால் பாறையிலிருந்தும் சுவரிலிருந்தும் வரும் கதிர்வீச்சையெல்லாம் எண்ணிவிடும். இரண்டையும் ஒரே கணத்தில் துளைத்துப் போவது பெரும்பாலும் மேலிருந்து வரும் மியூவான்தான். குழாய்க்கு 400 வோல்ட் கொடுக்க வேண்டியிருக்கும், ஈரக் கையோடு தொடாதீர்கள். ஜூலை மாதத்தில் ஊட்டியில் கை எப்போது காய்ந்திருக்கிறது என்று கேட்காதீர்கள், துடைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பெட்டி நிமிடத்துக்கு இரண்டு மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தது. ஒரு மாதம் ஓடவிட்டோம். கோத்தகிரியிலிருந்து வந்து படித்த ஒரு மாணவிதான் கிராஃப் போட்டாள். தினமும் மாலை 5:50லிருந்து 6:20 வரை எண்ணிக்கை ஏழு, எட்டு என்று ஏறி இறங்கியது. சூரியன் மறையும் நேரம்! வகுப்பே குதித்தது. நானும் கொஞ்சம் குதித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சூரிய காந்தப்புலம், காற்றழுத்தம், அந்தி வெப்பநிலை என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி போர்டை நிரப்பினோம்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. பொங்கல் விடுமுறை நாலு நாள் டேட்டாவைத் தனியாக எடுத்து வைத்தாள். அந்த நாலு நாளும் ஏற்றமே இல்லை.

"பொங்கலுக்கு சூரியன் லீவு போடாது சார்," என்றாள். "ஹாஸ்டல் பசங்கதான் லீவு."

விடுதியின் தண்ணீர் மோட்டார். தினமும் ஆறு மணி வாக்கில் வாட்ச்மேன் அண்ணன் போடுவார். எங்கள் பெட்டியும் அதே லைனில் இருந்தது. மோட்டார் ஓடும்போது கம்பியில் வரும் துடிப்பு இரண்டு குழாயிலும் ஒரே நேரத்தில் ஏறி, மியூவான் வேஷம் போட்டிருக்கிறது. பேட்டரிக்கு மாற்றினோம், ஏற்றம் போய்விட்டது.

மூன்றாம் படி: அதே மியூவானை விரட்டப் பழகுங்கள்

இனி உங்கள் புத்தி தலைகீழாகத் திரும்ப வேண்டும். காஸ்மிக் கதிர்க்காரர்களுக்கு மியூவான் நிறைய வேண்டும், அதனால் மலை ஏறுகிறார்கள். கரும்பொருள்காரர்களுக்கு அது தொந்தரவு, அதனால் பூமிக்குள் இறங்குகிறார்கள். இத்தாலியில் கிரான் சாஸோ மலைக்கு அடியில் 1,400 மீட்டர் பாறைக்குக் கீழே இருக்கும் ஆய்வகத்தில் மியூவான் மேலே இருப்பதில் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. அமெரிக்காவில் எல்இசட் என்ற கரும்பொருள் தேடும் கருவி இருப்பது தெற்கு டகோட்டாவின் பழைய தங்கச் சுரங்கத்தில், கிட்டத்தட்ட ஒன்றரை கிமீ ஆழம். சீனாவின் ஜின்பிங் ஆய்வகம் 2,400 மீட்டர் பாறைக்குக் கீழே.

சுரங்கம் நமக்கும் புதிதில்லை. மலையில் மியூவானை எண்ணிய அதே டாடா நிறுவனத்தார் கோலார் தங்கச் சுரங்கத்தில் ஆழம் ஆழமாக இறங்கியும் எண்ணினார்கள். 1965ல் அங்கே இரண்டு கிமீக்கும் கீழே இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் குழுவினர் சேர்ந்து, காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்ற லேசில் சிக்காத துகளைப் பதிவு செய்தார்கள். இன்று ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில் 555 மீட்டர் ஆழத்தில் கொல்கத்தாவின் சாஹா நிறுவனம் 2017ல் திறந்த ஆய்வகம் இருக்கிறது, கரும்பொருள் தேடலுக்காகவே.

ஏன் இவ்வளவு பாடு? ஒரு லிட்டர் பாட்டிலை மேஜைமேல் வையுங்கள். கரும்பொருள் துகள் ஒன்று புரோட்டானைப் போல நூறு மடங்கு எடை என்று வைத்துக்கொண்டால், நம் பகுதியில் அந்தப் பாட்டில் அளவு இடத்தில் எந்த நேரமும் ஏறக்குறைய மூன்று துகள் இருக்கும், அதுவும் நொடிக்கு இருநூறு சொச்சம் கிமீ வேகத்தில். எண்ணிக்கைக்குக் குறைவில்லை. அவை எதன்மேலும் லேசில் மோதுவதில்லை என்பதுதான் சிக்கல். டன் கணக்கில் செனான் வாயுவைத் திரவமாக்கி வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள், ஒன்றே ஒன்று ஒரு அணுக்கருவை இடித்துவிடாதா என்று. எல்இசட்டில் செயல்படும் செனான் மட்டும் 7 டன். இடித்தால் ஒரு சின்ன ஒளி. அப்புறம் விடுபட்ட எலக்ட்ரான்கள் மேலே மிதந்து போய் இன்னொரு ஒளி. இரண்டின் விகிதத்தை வைத்து, இடிபட்டது அணுக்கருவா, சுற்றியுள்ள எலக்ட்ரானா என்று பிரிக்கிறார்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்தது கனடாவின் ஸ்னோலேப் சுரங்க ஆய்வகத்தில் இருக்கும் பிகோ என்ற கருவி. நம்மூர் ஆட்களுக்கு இதைச் சொல்வது சுலபம்: ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அதனால்தான் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும். பிகோவில் ஒரு திரவத்தின் அழுத்தத்தைக் குறைத்து, கொதித்தே ஆக வேண்டிய நிலையில் கொதிக்காமல் வைத்திருப்பார்கள். ஒரு அணுக்கரு இடிபட்டால் அந்த இடத்தில் ஒரே ஒரு குமிழி கிளம்பும். கேமரா படம் பிடிக்கும், ஒலி உணரி கேட்கும். கதிரியக்க மாசிலிருந்து வரும் ஆல்ஃபா துகளின் குமிழி கொஞ்சம் சத்தமாக வெடிக்கும், அதனால் காதாலேயே அதை ஒதுக்கிவிடலாம். பிறகு அழுத்தத்தை ஏற்றிக் குமிழியை அமுக்கிவிட்டு, மறுபடி காத்திருப்பார்கள்.

இப்போது மோட்டார் கதைக்கு வருகிறேன். கிரான் சாஸோவில் டாமா என்ற குழு, சோடியம் அயோடைடு படிகங்களை வைத்து, தங்கள் எண்ணிக்கை ஆண்டுதோறும் ஜூன் தொடக்கத்தில் ஏறி டிசம்பரில் இறங்குவதாக 1990களின் கடைசியிலிருந்து சொல்லிவருகிறது. காரணமும் அழகானது. சூரியன் கரும்பொருளுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. ஜூனில் பூமியும் அதே திசைப் பக்கமாக ஓடுகிறது. தூறலில் பைக்கை வேகமாக ஓட்டினால் முகத்தில் துளி அதிகம் அடிப்பதுபோல. ஆனால் கோடையில் ஏறுவது வேறு எதெல்லாம்? மேல் காற்றுமண்டலம் சூடாகி விரியும், சுரங்கம்வரை வரும் மியூவான்களும் அப்போது கூடும். அதுதான் காரணமோ என்று சிலர் கேட்டார்கள். மியூவானின் உச்சம் ஏறக்குறைய ஒரு மாதம் தள்ளி வருவதால் அதுவும் சரியாகப் பொருந்தவில்லை. கடைசியில் ஸ்பெயினில் அனைஸ், கொரியாவில் கோசைன் என்று இரண்டு குழுக்கள் அதே வகைப் படிகத்தை வாங்கி வைத்து எண்ணிப் பார்த்தன. அந்த ஏற்ற இறக்கத்தை அவை காணவில்லை. டாமாவின் மோட்டார் எது என்று இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. சந்தேகம் வந்தால் பேசித் தீர்ப்பதில்லை, இன்னொரு இடத்தில் அதே பெட்டியை வைத்து எண்ணுகிறார்கள். இத்தனை நாடுகள் ஒன்றாகவும் போட்டியாகவும் இதைச் செய்ய வேண்டியிருப்பது இதனால்தான்.

நான்காம் படி: குழு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்இசட் குழுவில் ஏறக்குறைய 250 பேர். பெரிய துகள் முடுக்கிக் குழுக்களில் ஆயிரக்கணக்கில். 2015ல் ஹிக்ஸ் துகளின் எடையைச் சொன்ன கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் விஷயம் 9 பக்கம், மீதி பெயரும் முகவரியும். பெயர்கள் பெரும்பாலும் அகரவரிசையில்தான் இருக்கும். "என் பெயர் முதல்ல வருமா சார்" என்று கேட்பவர்களுக்கு என் பதில், உங்கள் பெயர் எந்த எழுத்தில் ஆரம்பிக்கிறது என்பதைப் பொறுத்தது.

உள்ளே சின்னச் சின்ன அணிகள்: கருவியைச் சரிபார்ப்பது, இரைச்சலைக் கணக்கிடுவது, கணினியில் மாதிரி ஓட்டிப் பார்ப்பது, முடிவை அலசுவது. புதியவர்களுக்கு முதலில் கிடைப்பது முதல் இரண்டில் ஒன்று. ஷிஃப்டும் உண்டு, கருவியின் வெப்பநிலை, அழுத்தம், மின்னழுத்தம் எல்லாம் வரம்புக்குள் இருக்கிறதா என்று திரையைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் நடக்கவில்லை என்று மணிக்கொரு தரம் எழுதும் வேலை. அலுப்பான வேலைதான். அந்த ஒன்றும் நடக்காத பக்கங்களை வைத்துத்தான் பின்னால் ஏதாவது நடந்தபோது என்ன மாறியது என்று தேட முடியும். எங்கள் மாணவி பொங்கலைக் கண்டுபிடித்ததும் தேதி எழுதிய நோட்டால்தான்.

கண்ணைக் கட்டிக்கொண்டு அலசுவது இந்தக் குழுக்களின் இன்னொரு பழக்கம். மனிதனுக்குத் தான் விரும்புவது தெரிந்துவிடும், நாங்கள் அந்தியைப் பார்த்ததுபோல. அதனால் எதை வைத்துக்கொள்வது, எதை ஒதுக்குவது என்ற விதிகளையெல்லாம் முதலில் எழுதி முடித்து, குழுவே ஒப்புக்கொண்ட பிறகுதான் முக்கியமான டேட்டாவைத் திறப்பார்கள். எல்இசட்டில் இதற்கு உப்பு போடுவார்கள். நிஜமான கரும்பொருள் மோதல்போலவே பொய் நிகழ்வுகளைச் செய்து, அலசுபவர்களுக்குத் தெரியாமல் டேட்டாவுக்குள் தூவிவிடுவது. கடைசி நாள்வரை, பார்ப்பது கண்டுபிடிப்பா உப்பா என்று யாருக்கும் தெரியாது. விதிகளைப் பூட்டிய பிறகே உப்பு எது என்று பிரிக்கப்படும். 2024ல் அறிவித்த 280 நாள் டேட்டாவில் புதிய 220 நாளை இப்படித்தான் திறந்தார்கள். உப்பை எடுத்தபின் கரும்பொருள் எதுவும் மிஞ்சவில்லை. அதை அப்படியே அறிவித்தார்கள்.

ஒன்றும் மிஞ்சாததில் வருத்தம் இருக்காதா? இருக்கும். 2020ல் கிரான் சாஸோவின் செனான்1டி குழு, 232 நிகழ்வுகள் எதிர்பார்த்த இடத்தில் 285 வந்திருக்கிறது என்று வெளியிட்டபோது உலகமே கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தது. புதுத் துகளாக இருக்கலாம் என்றார்கள். துளியூண்டு டிரிட்டியம், அதாவது கதிரியக்க ஹைட்ரஜன், கலந்திருக்கலாம் என்றும் அதே கட்டுரையில் அவர்களே எழுதினார்கள். இரண்டு வருடம் கழித்து, இன்னும் பெரிய, இன்னும் சுத்தமான கருவியை வைத்து அதே குழுவே பார்த்தது. கூடுதல் இல்லை. தன் கண்டுபிடிப்பைத் தானே கொன்றவர்கள் என்று யாரும் அவர்களைக் கேலி செய்யவில்லை.

ஐந்தாம் படி: கருவிப் பெட்டி

பைத்தான். கிராஃப் போடத் தெரிய வேண்டும், பிழைக்கோட்டோடு. கிட் என்ற கோப்பு நிர்வாக மென்பொருள். புள்ளியியலில் பாய்ஸான் பரவல், தற்செயலாக நடப்பவற்றின் எண்ணிக்கை எப்படி ஏறி இறங்கும் என்று சொல்வது. இதை மட்டும் உருப்போட வேண்டாம், கெய்கர் பெட்டியை வைத்து நீங்களே நூறு நிமிடம் எண்ணிப் பாருங்கள், மனதில் உட்கார்ந்துவிடும். லேப்டாப் இல்லாவிட்டால் கல்லூரிக் கணினியில் கூகுள் கோலாப் போதும். ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் ஆர்க்கைவ் தளத்தில் வாரம் ஒரு கட்டுரையின் முன்னுரையையும் முடிவையும் மட்டும் படியுங்கள். நடுவில் இருப்பது ஆறு மாதம் கழித்துப் புரியும்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மீட்டிங்கில் பேசுபவர்களில் பலருக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழிதான். ஜப்பானியரும் இத்தாலியரும் கொரியரும் தத்தித் தத்தித்தான் பேசுவார்கள். கிராஃப் சரியாக இருந்தால் எல்லாரும் பொறுமையாகக் கேட்பார்கள்.

ஆறாம் படி: வாசல்

பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டிலிருந்தே கோடைக்காலத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கலாம். மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து தரும் கோடை ஆய்வு உதவித்தொகை, புனேயில் டிசம்பரில் நடக்கும் ரேடியோ வானியல் குளிர்காலப் பள்ளி. தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அக்டோபரிலிருந்தே பார்த்துக்கொண்டிருங்கள். அதற்குமேல் பி.எச்டி.க்கு ஜெஸ்ட், நெட், டாடா நுழைவுத் தேர்வு என்று வழக்கமான பாதை.

எங்கே போவது? பிகோவில் இருக்க வேண்டுமானால் கொல்கத்தா சாஹா நிறுவனம். மிகக் குளிர்ந்த ஜெர்மேனியம் என்ற தனிமத்தின் படிகத்தில் தேடும் சூப்பர் சிடிஎம்எஸ் வேண்டுமானால் புவனேஸ்வரத்தின் நைசர். வீட்டுக்குப் பக்கமாக வேண்டுமானால் சென்னை ஐஐடி. அது ஐரோப்பாவின் துகள் முடுக்கி ஆய்வகமான செர்னின் சிஎம்எஸ் குழுவில் இருக்கிறது, அங்கே மோதலில் காணாமல் போன ஆற்றலைக் கணக்குப் பார்த்துக் கரும்பொருளைத் தேடுகிறார்கள்.

ஊட்டியிலேயே இருப்பவர்கள் முத்தோரைக்கு ஒருமுறை போய்வாருங்கள், முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு. கேரட் தோட்டங்களுக்கு மேலே சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கி, கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி 1970ல் இயங்கத் தொடங்கியது. ஊட்டியின் அட்சரேகை 11 டிகிரி சொச்சம். அதே அளவு சரிவுள்ள மலையைத் தேடிப் பிடித்து வடக்கு தெற்காகக் கட்டியதால், தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் சுழற்றினாலே மணிக்கணக்கில் ஒரு விண்பொருளைத் தொடரலாம். வெளி மண்டலங்களின் சுழற்சியை அளக்க உதவுவது ஹைட்ரஜன் தரும் 1,420 மெகாஹெர்ட்ஸ் அலை. பிரபஞ்சத்துக்கு 200 கோடி வயது இருந்தபோது கிளம்பிய அதே அலை நீண்டு நீண்டு, இந்தத் தொலைநோக்கி கேட்கும் 326.5 மெகாஹெர்ட்ஸாக வந்து சேரும். முதல் படியில் போட்ட கிராஃபை ஞாபகம் வைத்துக்கொண்டு அந்தச் சரிவில் நின்று பாருங்கள்.

கொடைக்கானல்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அங்கே 1899லிருந்து சூரிய ஆய்வகம் இருக்கிறது, 1909ல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதைக் கண்டது அங்கேதான். நூறு ஆண்டுக்கும் மேலான சூரியப் படங்கள் எண்ணியல் வடிவில் இருக்கின்றன. கரும்பொருளுக்கு நேரடித் தொடர்பு இல்லை, ஆனால் பழைய டேட்டாவை எப்படிப் பத்திரப்படுத்துவது, கருவி மாறியபோது எப்படி ஒட்டுப் போடுவது என்று கற்க அதைவிட நல்ல இடம் தென்னிந்தியாவில் எனக்குத் தெரியாது.

ஏழாம் படி: மெயிலும் முதல் மீட்டிங்கும்

பேராசிரியருக்கு எழுதும் மெயில் பத்து வரிக்கு மேல் போக வேண்டாம். சிறு வயதிலிருந்தே வானம் பிடிக்கும் என்று எழுதாதீர்கள், எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். அவருடைய ஒரு கட்டுரையில் ஒரு படத்தைப் பற்றி ஒரு கேள்வி, நீங்கள் போட்ட ஒரு கிராஃப், எந்த மாதம் வர முடியும் என்ற தகவல். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அப்புறம் வேறொருவருக்கு எழுதுங்கள்.

எங்கள் கோத்தகிரி மாணவி அனுப்பிய மெயிலில் இருந்தது மோட்டார் கிராஃப்தான். பொங்கல் நாலு நாளைச் சிவப்பில் காட்டியிருந்தாள். மறுநாளே பதில் வந்தது.

சேர்ந்தபின் வாராந்திர மீட்டிங் நம் சாயங்காலத்திலோ ராத்திரியிலோதான் வரும். ஐரோப்பாவில் மதியம் மூன்று மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு ராத்திரி ஏழரை, கோடையில் ஆறரை. அவள் முதன்முதலாகப் பேச வேண்டிய மீட்டிங்குக்குச் சரியாக ஏழரைக்கு உட்கார்ந்தாள். கூட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். முந்தின ஞாயிறு அங்கே கடிகாரத்தை மாற்றியிருந்தார்கள், இவளுக்குச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. அடுத்த வாரம் பேசவிட்டார்கள். நீங்கள் நாட்காட்டியில் இப்போதே வட்டமிட்டு வைத்துவிடுங்கள்: ஐரோப்பாவுக்கு மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு, அமெரிக்காவுக்கு மார்ச் இரண்டாம் ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு.